கலைமதி கட்டிய திரை

திண்டிவனத்தில் கலைமதி வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். அட்டைக்காரம்மா வீடு என்று கேட்டுப் பாருங்கள், வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, வந்ததற்கு ஒரு டீயும் குடித்துவிட்டுத்தான் போவார்கள். அந்த வீட்டு வாசலில் துணித் திரை கிடையாது. பழைய பொங்கல் வாழ்த்து, கிறிஸ்துமஸ் வாழ்த்து, புத்தாண்டு வாழ்த்து எல்லாவற்றையும் நீள நீளமாக நறுக்கி, ஜெம் கிளிப்பில் சுற்றி மணி மணியாக்கி, ஒன்றோடு ஒன்றை மாட்டிச் சரம் சரமாகத் தொங்கவிட்ட திரை. உள்ளே நுழைகிறவர் யாரானாலும் தலையில் சலசலவென்று இடித்து, ‘யாரது?’ என்று கலைமதி கேட்பதற்கு முன்னால் அதுவே கேட்டுவிடும்.

அவளுக்குப் பொழுது போகவில்லை, அதனால் அட்டையை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, இரண்டு மாடு, ஒரு பிள்ளை, மண்டியிலிருந்து பசியோடு வரும் புருஷன் என்று இருக்கிற பொம்பளைக்குப் பொழுது எங்கிருந்து மிஞ்சும் என்று ஒருத்தராவது யோசித்தார்களா? விஷயம் வேறு. கலைமதி ஒருத்திக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. அதை வாயால் சொல்ல அவளுக்கு வழி தெரியவில்லை. வாய் சொல்லாததைக் கை சொல்லிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த ஒருத்தியின் பெயர் இருதயசெல்வி.

1993 ஐப்பசியில் விடாத மழை. வல்லத்துப் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலையும் கேப்பையும் பயிர் வைக்கிற குடும்பத்தில் பிறந்த கலைமதி, திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் எடை போடுகிற சுப்பராயலுவைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தலைப் பிரசவம். ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பிறந்து நன்றாகத்தான் அழுதது. தாய்க்குத்தான் ஜன்னி கண்டுவிட்டது. உடம்பு கொதிக்கிறது, கண் திறக்கவில்லை, கூப்பிட்டால் பதில் இல்லை. பிள்ளை பசியில் கத்துகிறது. மாமியார் சர்க்கரைத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து வைத்துப் பார்த்தார். பிள்ளை அதைத் துப்பிவிட்டு இன்னும் பலமாகக் கத்தியது.

பக்கத்துக் கட்டிலில் இருதயசெல்வி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுடைய புருஷன் அருள்நாதன் டெலிபோன் ஆபீஸில் லைன்மேன். அவளுக்கும் அன்றைக்குத்தான் பிரசவம், அவளுக்கும் தலைச்சன் ஆண்தான். விடியலில் பிறந்த பிள்ளை மதியத்துக்குள் போய்விட்டது. பிள்ளை போனது உடம்புக்குத் தெரியுமா? மறுநாள் பால் கட்டிக்கொண்டு மார் கல்லாகிவிட்டது. அந்த வலியோடு அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்க, இந்தப் பக்கம் ஒரு பிள்ளை பசியில் கத்திக்கொண்டிருந்தது. நர்ஸ் கேட்கவில்லை. மாமியார் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? இருதயசெல்விதான் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

“அத இங்க குடுங்கம்மா.”

மாமியாருக்கு யார், எவர், எந்தத் தெரு, என்ன சாமி என்று கேட்பதற்கு நாலைந்து கேள்விகள் தயாராக இருந்தன. வாயைத் திறந்தார். பேரன் அழுகை நின்றது. அவரும் வாயை மூடிக்கொண்டார்.

நாலாம் நாள் கலைமதி கண் விழித்தபோது முதலில் பார்த்தது இதைத்தான். முன்பின் தெரியாத ஒரு பெண் மடியில் தன் பிள்ளை கிடந்து பால் குடிக்கிறது. அந்தப் பெண் பிள்ளையைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பெய்கிற மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் கலைமதிக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. இருதயசெல்வி காலையும் சாயங்காலமும் வந்து கொடுத்துவிட்டுப் போனாள். அருள்நாதன் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாசல் பக்கமே திரும்பாமல், எதிர்த்த வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பொங்கலுக்கு அப்புறமும் வந்தார்கள். ரஞ்சித் என்று பெயர் வைத்த அந்தப் பிள்ளை கொழுகொழுவென்று ஆனது.

சரி, இதற்கு ஒரு நன்றி சொல்ல இருபத்திரண்டு வருஷமா என்று நீங்கள் கேட்கலாம். நம் பக்கத்தில் நன்றி என்பது மேடையில் மைக்கைப் பிடித்தவர் கடைசியில் சொல்கிற வார்த்தை. வீட்டில், அதுவும் அக்கா என்று கூப்பிடுகிறவளிடம் போய் அதைச் சொன்னால் சண்டைக்கு வருவாள். அது மட்டும் என்றால் கலைமதி வேறு வார்த்தை தேடியிருப்பாள். அவள் தொண்டையில் நின்றது இன்னொன்று. இந்த நன்றியை எங்கே தொடங்கினாலும் அந்தப் பிள்ளையில்தான் போய் நிற்கும். உன் பிள்ளை போனதால் என் பிள்ளை பிழைத்தது என்று எந்த வாய் சொல்லும்? இருதயசெல்வியும் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. கலைமதியும் கேட்டதில்லை. முற்றத்தில் கிணறு இருந்தால் சுற்றிப் போவோமே, அப்படி இரண்டு பேரும் அதைச் சுற்றியே நடந்தார்கள்.

அட்டை வந்து சேர்ந்தது அந்த முதல் பொங்கலுக்குத்தான். அருள்நாதனுக்கு டெலிபோன் ஆபீஸ் பழக்கத்தில் கிறிஸ்துமஸுக்கு ஊர்ப்பட்ட வாழ்த்து அட்டைகள் வரும். கூடத்தில் சணல் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிடுவார்கள். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரித்து, நட்சத்திரத்தை இறக்கி, அட்டைகளையும் கழற்றிவிடுவார்கள். அடுத்த வாரமே தெருவில் போகி. இருதயசெல்வி அவ்வளவு அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

“கலை, நாளைக்குக் கொளுத்துவீங்க இல்ல, இதையும் போட்டுக்க. சும்மா வூட்ல கெடந்து இன்னா பண்ணப்போவுது.”

விடியற்காலையில் சுப்பராயலு பழைய பாயையும் கிழிந்த முறத்தையும் போட்டு நெருப்பு மூட்டினான். கலைமதி பையைக் கவிழ்க்கப் போனாள். மேலே இருந்த அட்டையில் வைக்கோல்மேல் ஒரு பிறந்த குழந்தை கையை விரித்துக்கொண்டு கிடந்தது. அடுத்த அட்டையிலும் அதே குழந்தை. அதற்கடுத்ததிலும். அது என்ன சாமி, என்ன கதை என்றெல்லாம் அவளுக்கு அன்றைக்குத் தெரியாது. யார் வீட்டிலிருந்து வந்த பை என்று தெரியும். கையிலிருந்ததை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். “இன்னாடி, புதையலா கெடச்சிச்சு?” என்று சுப்பராயலு கேட்டது காதில் விழவே இல்லை.

எரிக்கவும் முடியாது, எறியவும் முடியாது. என்ன செய்வது? குழந்தை இருந்த பகுதியைக் கத்தரிக்கோல் படாமல் முழுசாக விட்டு, மற்றதை நறுக்கினாள். ஆறு துண்டை ஒன்றாகச் சேர்த்து ஓரத்தில் ஊசியால் துளை போட்டு, சிவப்புக் கம்பளி நூலால் சுற்றித் தைத்தாள். மூடியோடு ஒரு சின்னப் பெட்டி வந்தது. மூடிக்கு உள்பக்கம் அந்தக் குழந்தைப் படத்தை ஒட்டினாள். கொண்டுபோய் இருதயசெல்வி கையில் கொடுத்தபோது, அக்கா என்று ஆரம்பித்து, அதற்குமேல் ஒன்றும் வராமல் நின்றாள். இருதயசெல்வி மூடியைத் திறந்து பார்த்தாள். மூடினாள்.

“ஊக்கு, பட்டன் போட்டு வச்சிக்க ஆவும்டி” என்றாள். பிறகு, “கொழம்புக்கு இன்னா வச்ச?” என்று கேட்டாள்.

அன்றைக்குப் பிடித்த கத்தரிக்கோலைக் கலைமதி கீழே வைக்கவில்லை. தெருவில் யார் வீட்டுக்கு வாழ்த்து வந்தாலும் பார்த்து முடித்ததும் அவளிடம் வந்துவிடும். கரும்பு இருக்கிற பொங்கல் வாழ்த்தை ஓரமாக வெட்டி ரஞ்சித்தின் போட்டோவுக்குச் சட்டம் போட்டாள். பனிமலையும் ஏரியும் இருக்கிற புத்தாண்டு வாழ்த்தை நடுவில் வெட்டி இரண்டாக்கி, எந்தத் துண்டுக்கு எது ஜோடி என்று பிள்ளைகள் விளையாடச் சீட்டுக்கட்டு செய்தாள். பளபளக்கிற தாள் வைத்தது கிடைத்தால் விடவே மாட்டாள், நட்சத்திரம் ஆகிவிடும். கம்பளி நூல் வைத்துத் தைத்த பேனா டப்பா, பள்ளிக்கூடப் புத்தகத்தில் அடையாளம் வைக்க வால் தொங்கும் பட்டை, பிறந்தநாள் பரிசின் மேல் கட்டுகிற சின்னச் சீட்டு. அவளிடம் ஒரு கண்டிப்பு மட்டும் உண்டு. சாமி முகம், மனுஷ முகம் எதிலும் கத்தரிக்கோல் போகாது. மணி சுற்றும்போது ‘அன்புடன்’ என்று யாராவது கையெழுத்துப் போட்ட பக்கம் உள்ளே போகிற மாதிரி சுற்றுவாள். ஒருத்தர் அன்பு இன்னொருத்தர் வீட்டு வாசலில் காற்றில் அடிபடக் கூடாதாம்.

ரஞ்சித் பால்வாடிக்குப் போக ஆரம்பித்த வருஷம் இருதயசெல்விக்கு மெர்லின் பிறந்தாள். கர்ப்பம் தரித்த நாளிலிருந்து இருதயசெல்வி யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஒரு துணிகூடத் தைத்து வைக்கவில்லை. கலைமதிக்குப் புரிந்தது. அவளும் ஒன்றும் பேசாமல், வாழ்த்து அட்டையிலிருந்த கிளி, புறா, மயில் எல்லாவற்றையும் வெட்டி முதுகோடு முதுகு ஒட்டி, நூலில் கட்டி, தூளிக்கு மேலே சுழல்கிற மாதிரி ஒரு வளையம் செய்து தன் வீட்டு உத்தரத்தில் ஒளித்து வைத்திருந்தாள். பிள்ளை பிறந்து, அழுது, பால் குடித்து, வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் அதை எடுத்துக்கொண்டு போனாள். மெர்லின் அதற்குக் கீழே காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. அன்றைக்கும் கலைமதி அக்கா என்று ஆரம்பித்தாள். அன்றைக்கும் பேச்சு குழம்புக்குப் போய்விட்டது.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டுக் குடிலுக்குப் பின்னால் வைக்கப் பெரிய படம் ஒன்று ஒட்டிக் கொடுத்தாள். பெத்லகேம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? கையில் இருந்த அட்டையில் எது அழகோ அதையெல்லாம் ஒட்டிவிட்டாள். மாதாவுக்குப் பின்னால் ஒரு பக்கம் பனிமலை, ஒரு பக்கம் கரும்புத் தோட்டம், நடுவில் பொங்கல் பானை, மூலையில் இரண்டு காங்கேயம் காளை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இருதயசெல்வி யாரையும் விடவில்லை.

“இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க? சாமி நம்ம பெருமுக்கல் மலைக்குக் கீழ வந்து பொறந்துச்சின்னு நெனச்சிக்கங்க. அங்க மட்டும் மாட்டுக் கொட்டா இல்லியா?”

அந்தப் படம் அடுத்த வருஷமும் அதே இடத்தில் இருந்தது. அதற்கடுத்த வருஷமும் இருந்தது.

இப்படியே வருஷம் ஓடியது. எல்லார் கையிலும் செல்போன் வந்தது, வாழ்த்து அட்டை வருவது குறைந்தது. கலைமதி அதற்கெல்லாம் ஒப்பாரி வைக்கவில்லை. வாழ்த்து போனால் கல்யாணப் பத்திரிகை வருகிறது, அது இன்னும் தடி அட்டை, மணி இன்னும் உருண்டையாக வரும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். தெருவில் பாதி வீட்டில் அவள் கட்டின திரைதான். அது நெற்றியில் இடித்து இடித்து அந்தத் தெரு ஆம்பளைகள் குனிந்து வீட்டுக்குள் போகப் பழகிவிட்டார்கள், அது நல்ல பழக்கம்தான்.

மெர்லினுக்குக் கல்யாணம் நிச்சயமானது 2015 கடைசியில். மாப்பிள்ளை ஆன்டனிக்கு விழுப்புரம். பொங்கல் கழிந்து விழுப்புரத்து மாதா கோவிலில் கல்யாணம், பக்கத்து மண்டபத்தில் விருந்து. மேடைக்குப் பின்னால் பெரிய ப்ளெக்ஸ் வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது மெர்லின் குறுக்கே விழுந்தாள்.

“ப்ளெக்ஸெல்லாம் வேணாம் சித்தி. நீங்க கட்ற ஸ்கிரீன்தான் வேணும். மேடை பூரா வர்ற மாதிரி பெருசா கட்டிக் குடுங்க.”

கலைமதிக்குத் தலைகால் புரியவில்லை. இருதயசெல்வி வீட்டில் நடக்கிற முதல் நல்ல காரியம். இத்தனை வருஷம் பெட்டியும் டப்பாவுமாகச் சொல்ல முடியாமல் தவித்ததை ஒரே வீச்சில் மேடை அகலத்துக்குச் சொல்லிவிடலாம். அதைப் பார்த்தால் அக்காவுக்குப் புரிந்துவிடும், வாயைத் திறக்கவே வேண்டாம். தன்னிடம் இருந்த பழைய அட்டை மூட்டையை அவிழ்த்துக் கொட்டிப் பார்த்தாள். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று வெளுத்துப்போனது, ஒன்றில் எண்ணெய்க் கறை. இத்தனை வருஷம் கண்ணுக்குத் தெரியாத குறையெல்லாம் அன்றைக்குத் தெரிந்தது. அக்கா வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் ஊரார் பார்த்து முடித்த பழசா? ஒரே நிறமாக, புதுசாக வேண்டும் என்று மனசு அடம்பிடித்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அச்சாபீஸ் வைத்திருக்கிற பாண்டுரங்கன் அந்தச் சமயம் பார்த்துப் பழைய சரக்கை எல்லாம் காலி பண்ணிக்கொண்டிருந்தார். கலைமதி விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு பெரிய கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து தூசி தட்டினார்.

“கிறிஸ்டீன் கல்யாணமா? இந்தா, இதெல்லாம் கிறிஸ்டீன் கார்டுதான். உள்ள எதுவும் அடிக்காதது, புத்தம் புதுசு. வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப்போறேன், எடுத்துக்கினு போ.”

பிரித்துப் பார்த்தாள். கத்தரிப்பூ மாதிரி ஊதா. மேலே வெள்ளை வெளேரென்று ஒரு லில்லிப் பூ. பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி. தங்க நிறத்தில் ஒரு சின்னச் சிலுவை. கலைமதிக்கு வாயெல்லாம் பல். ஊதா என்றால் அவளுக்கு உயிர். பூ மங்களம். விளக்கு மங்களம். சிலுவையோ அவர்கள் சாமி. இதைவிட என்ன வேண்டும்? இரண்டு கையாலும் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

மார்கழி முழுக்க அவள் வேறு வேலை பார்க்கவில்லை. ஊதாவை நறுக்கி மணி சுற்றினாள். ஒவ்வொரு சரத்துக்கும் கீழே அந்த லில்லியையும் மெழுகுவர்த்தியையும் சிலுவையையும் முழுசாக வெட்டி, பதக்கம் மாதிரி தொங்கவிட்டாள். சுப்பராயலு சாப்பாட்டுத் தட்டைத் தானே போட்டுக்கொண்டு, “மெர்லின் கல்யாணம் முடியட்டும், அப்பறம் நானும் ஒரு பொண்ணு பாத்துக்கறேன், சோறு போட” என்றான். அவன் சொன்னது கலைமதிக்குக் கேட்டிருந்தால்தானே கோபம் வரும்!

கல்யாணத்துக்கு முந்தின நாள், திரையைச் சுருட்டிப் பழைய பட்டுப்புடவையில் மூட்டை கட்டிக்கொண்டு, ரஞ்சித்தையும் கூட்டிக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏறினாள். ஒவ்வொரு பள்ளத்திலும் மூட்டை சலசலத்தது. உள்ளே என்ன, பாம்பா என்று கண்டக்டர் கேட்டார். நகையா என்று முன்சீட்டு அம்மா கேட்டார். “எங்கக்கா பொண்ணு கல்யாணத்துக்கு ஸ்கிரீன்” என்று பஸ்ஸில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கலைமதி சொன்னாள்.

சாயங்காலம் விளக்குப் போட்ட நேரத்தில் மேடையில் திரை ஏறியது. ரஞ்சித் ஏணிமேல் நின்று கட்டினான். ஊதாவும் வெள்ளையும் தங்கமுமாக அது மேடை முழுக்க இறங்கி நின்றதைப் பார்த்து, தான்தான் இதைச் செய்தோமா என்று கலைமதிக்கே நம்பிக்கை வரவில்லை. அக்கா இன்னும் பார்க்கவில்லை, சமையல் கட்டில் இருந்தாள். வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தாள்.

முதலில் வந்தது மாப்பிள்ளையின் அக்கா வெனிலா. கையில் மல்லிகைச் சரம். மேடை ஏறினவள் நின்றுவிட்டாள். கிட்டே போய் ஒரு பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“இத யாருங்க கட்னது?”

“நாந்தாம்மா. புடிச்சிருக்கா?”

வெனிலா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இது நெனவுநாள் கார்டு. எங்கள்ல ஒருத்தர் செத்துட்டா முப்பதாம் நாள் பூசைக்கு அடிப்பாங்க, அந்தக் கார்டு. இந்த ஊதாவும் எங்களுக்குத் துக்கத்துக்குத்தான். எங்க பெரியவங்க பாத்தா பேஜாராப் பூடும். ஜல்தி எறக்கிடுங்க. நான் யாராண்டயும் சொல்லல.”

நல்ல பெண், சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது கலைமதிக்கு. பாண்டுரங்கனைப் போய்க் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. அந்த மனிதர் என்ன பொய்யா சொன்னார்? கிறிஸ்டீன் கார்டு என்றார், கிறிஸ்டீன் கார்டுதான். பிள்ளையைப் பறிகொடுத்தவள் வீட்டுக் கல்யாண மேடையில், அவள் பாலைக் குடித்து வளர்ந்த பிள்ளையின் கையாலேயே சாவு அட்டையைத் தொங்கவிட்டாயிற்று. இருபத்திரண்டு வருஷம் காத்திருந்து சொன்ன நன்றி இந்த லட்சணத்தில் வந்து நிற்கிறது.

“ரஞ்சித்து, ஏறுடா. கயட்டு. சீக்கிரம் கயட்டு.”

அவன் ஒன்றும் புரியாமல் ஏறி ஒரு பக்கத்து முடிச்சை அவிழ்த்தான். பாதித் திரை மடமடவென்று சரிந்து தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்குச் சமையல் கட்டிலிருந்து இருதயசெல்வி கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டாள். பின்னாலேயே அருள்நாதனும் வந்தார்.

“இன்னாடி கலை, கட்னத ஏன் அவுக்குற?”

“அக்கா, தப்பு பண்ட்டேன்க்கா. தெரியாம பண்ட்டேன். பிரஸ்ல கிறிஸ்டீன் கார்டுன்னாரு, நானும் பூவு நல்லாக்கீதேன்னு… இது சாவுக் கார்டாம்க்கா. ஒன் வூட்ல மொத மொத நடக்கற நல்ல காரியத்துல நான் போயி…”

இருதயசெல்வி குனிந்து தரையில் கிடந்த சரம் ஒன்றை எடுத்தாள். நுனியில் இருந்த லில்லியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லேசாகச் சிரிப்பு வந்தது.

“பாண்டுரங்கன் பிரஸ்தானே? எங்க மாமனாருக்கு அங்கதான் அடிச்சோம். இதே பூவு. மாமியாருக்கும் இதான். இவரு தம்பிக்கும் இதான்.” சிரிப்பு பாதியில் நின்றது. “எல்லாருக்கும் அடிச்சோம். எம் மூத்தவனுக்குத்தான் ஒரு கார்டும் இல்ல.”

அந்தப் பிள்ளையைப் பற்றி அந்த வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

“அர நாளு இருந்துட்டுப் போன புள்ளைக்கு யாரு கார்டு அடிக்கிறாங்க? யாரு பூச வைக்கிறாங்க? மழையில இவரும் எங்கப்பாவும் எடுத்துக்கினு போயி பொதச்சிட்டு வந்தாங்க. நான் மொகத்த நல்லாகூட பாக்கல. அதுக்கப்புறம் யாருமே அவனப் பத்திப் பேசல. இவரு பேசல. நீ பேசல. நான் அழுதுடுவேன்னு எல்லாரும் பயந்துக்கினு கம்முனு இருந்துட்டீங்க. எனக்கு யார்னா பேசமாட்டாங்களான்னு இருந்துச்சுடி.”

“அக்கா, நான் எப்டிக்கா கேப்பேன்? எம்புள்ள உசுரு…”

“ஒம்புள்ள குடிச்சான் பாரு, அப்பத்தான் எனக்கு ஒரு புள்ள பொறந்தான்றது நெசம்னு இருந்துச்சு. அவன் வந்தான், அவனுக்குன்னு சொரந்துச்சு, வீணாப் போவலன்னு இருந்துச்சு. அதுகூட இல்லன்னா நான் பைத்தியமா திரிஞ்சிக்கினு இருப்பேன். நீ எனக்குப் பொட்டி பொட்டியா செஞ்சி குடுத்துக்கினு இருக்க. நாந்தான்டி ஒனக்குக் கும்புடு போடணும்.”

வெனிலா மல்லிகைச் சரத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். இருதயசெல்வி அவள் பக்கம் திரும்பினாள்.

“அம்மா வெனிலா, இது எம் மூத்த புள்ளையோட கார்டு. தங்கச்சி கல்யாணத்துக்கு அண்ணன் வரணும் இல்ல? ஒங்க பெரியவங்க கேட்டாங்கன்னா எங்கிட்ட அனுப்பு, நான் சொல்லிக்கிறேன்.”

வெனிலா சரிந்து கிடந்த திரையையும் இருதயசெல்வியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த மல்லிகையைப் பிரித்தாள். “நடுவுல நடுவுல இத வுட்டுக் கட்டலாம் அத்தே. வெள்ளை கலந்தா ஊதா அவ்ளோவாத் தெரியாது” என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

“ரஞ்சித்து, தூக்கிக் கட்டுடா” என்றாள் இருதயசெல்வி.

“சரி பெரிம்மா.”

அருள்நாதன், காலமெல்லாம் கம்பம் ஏறின மனிதர், போய் ஏணியின் காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

கலைமதி அக்காவின் கையிலிருந்த சரத்தை வாங்கிக்கொண்டாள். “பேரு வச்சீங்களாக்கா அவனுக்கு?”

“வச்சோம். போறதுக்கு முன்னாடி ஒரு நர்ஸம்மா தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்துப் பேரு வச்சாங்க. லூர்து பிரகாஷ்.”

அந்தப் பெயரைக் கலைமதி வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இவ்வளவு காலம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்த நன்றிக்கு இப்போது ஒரு ஆள் கிடைத்துவிட்டான். லில்லிப் பூவை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, எதிரில் ஒரு வாலிபப் பிள்ளை நிற்பதுபோல அதைப் பார்த்துச் சொன்னாள்.

“லூர்து பிரகாஷு, ஒன் பாலத்தான்யா எம்புள்ள குடிச்சான். நீ நல்லா இருக்கணும்யா.”

இருதயசெல்வி அப்போதுதான் அழுதாள். இருபத்திரண்டு வருஷத்து அழுகை, மண்டபத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல், கலைமதியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். கலைமதி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஏணிமேல் நின்ற ரஞ்சித் கண்ணைத் துடைத்துக்கொண்டு முடிச்சை இறுக்கிக் கட்டினான்.